வடக்குத் தலைமாடு

பல்லைத் துளைக்கும் மெஷின் நோயாளியின் வாய்க்குள் சுழன்றுகொண்டிருக்கும்போதே, தன் வலது கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று மெரினுக்குத் தெரியாமல் போயிற்று.

கண்ணுக்குத் தெரிந்தது. கையுறைக்குள் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிடித்திருக்கிற உணர்வுதான் இல்லை. யாருடைய விரலையோ கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி இருந்தது. மெரின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது.

"கொப்புளிச்சிக்கோங்க," என்றாள், குரலில் எதையும் காட்டிக்கொள்ளாமல்.

நாற்காலியில் இருந்த பெண் ஒருக்களித்துத் துப்பினாள். அந்த இடைவெளியில் மெரின் கையைத் தொங்கவிட்டு உதறினாள். கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முழங்கை என்று நெருப்புக் கம்பி ஒன்று இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உதவியாளர் அமுதவல்லி பார்த்துவிட்டாள். கிளினிக் திறந்த நாளிலிருந்து கருவடிக்குப்பத்திலிருந்து வந்து போகிறவள். மெரினைவிடச் சில வயது மூத்தவள். அவளிடம் எதை மறைக்க முடியும்?

"இன்னா டாக்டரம்மா, கை மறுபடியுமா?" என்று காதோரம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அமுதாக்கா. பஞ்சு எடுங்க."

"பஞ்சு எடுக்கறேன். நீங்க பொய் சொல்றத நிறுத்துங்க."

விரலில் உயிர் திரும்பும் வரை மெரின் நோயாளியிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தாள். பிறகு மிச்ச வேலையை முடித்தாள்.

மெரினின் அப்பா சகாயநாதன் உழவர்கரையில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். பிற்பகல் முழுக்கக் குந்தி உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிற வேலை. மகள் பல் மருத்துவம் படிக்கப் போனபோது கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு ஏசி ரூமுல ஒக்காந்து வேலை செய்யும். என்ன மாதிரி முதுகு வளைக்காது," என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். பாவம், அந்த மனிதர் மகள் வேலை செய்வதை நேரில் பார்த்ததே இல்லை.

அவள் முதுகு வளைந்த கதை கிளினிக் திறந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

சாரம் பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். உள்ளறை நீளவாக்கில் இருந்தது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் வடக்குச் சுவரோரம் தரைக்குள் பதிந்திருந்ததால், நாற்காலியின் தலைப்பக்கம் அந்தச் சுவரை நோக்கி அமைந்துவிட்டது. அது வடக்கு என்பதே மெரினுக்குத் தோன்றவில்லை. அவள் வளர்ந்த கிறிஸ்தவ வீட்டில் படுக்கும்போது மின்விசிறி எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

மூன்று நாள் ஈ ஓட்டிய பிறகு முதல் நோயாளியாக ஒரு பெரியவர் வந்தார். மெரின் பொத்தானை அழுத்த, நாற்காலியின் முதுகு மெல்லச் சாய்ந்தது. பாதி சாய்வதற்குள் அவர் பதறி எழுந்து காலைத் தரையில் ஊன்றினார்.

"தல எந்தப் பக்கம்மா போவுது? வடக்கா? ஆயுசோட இருக்கறவன வடக்க தல வெச்சிப் படுக்கச் சொல்றியே!"

மெரினின் முகம் சுண்டிப்போயிற்று. இந்த மனிதர் எழுந்து போய்விட்டால் அடுத்தவர் எப்போது வருவார்? "பரவால்லைங்க, ஒக்காந்தே இருங்க. நான் குனிஞ்சிக்கிறேன்," என்று அவசரமாகச் சொன்னாள்.

அன்று குனிந்தவள்தான். அதன்பிறகு அந்த நாற்காலி படுக்கவே இல்லை. சாவு, திசை, சாஸ்திரம் என்று வருகிற விஷயத்தில் வேற்று மதத்துப் பெண் வாயைக் கொடுத்து எவர் மனதையும் புண்படுத்திவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். யாரிடமும் கேட்கவில்லை. தினமும் காலையில் தூசி தட்டும்போதே அமுதவல்லி நாற்காலி முதுகை நிமிர்த்தி வைத்துவிடுவாள். வந்தவர்கள் சினிமா பார்க்க உட்கார்வதுபோல உட்கார்ந்தார்கள்.

கீழ்ப்பல் என்றால் பரவாயில்லை. மேல் கடைவாய்ப் பல்லைப் பார்க்க, உட்கார்ந்திருப்பவரின் வாய்க்குக் கீழே தன் தலையைக் கொண்டுபோய், கழுத்தை முறுக்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். அப்படியே அரை மணி, முக்கால் மணி. முதலில் சாயங்காலம் மட்டும் வலித்தது. பிறகு காலையிலும் வலித்தது. தைலம், மாத்திரை, பெல்ட் என்று காலம் ஓடியது. தரையை உடைத்து நாற்காலியைத் திருப்பலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பாள். கிளினிக்கை மூட மனசு வராது. பதினாறு வருடம் போய்விட்டது. இப்போது வலியைத் தாண்டி, விரல் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது.

எலும்பு டாக்டர் இளஞ்செழியனிடம் அவள் வீட்டுக்குத் தெரியாமல்தான் போனாள். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்களுக்கு வயசு நாப்பத்திரெண்டு. உங்க கழுத்துக்கு அறுவத்தஞ்சு," என்றார். "ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குமே, அது பிதுங்கி நரம்ப அமுக்குது. எங்க, வேலை செய்யிற மாதிரி நின்னு காட்டுங்க."

மெரின் காலி நாற்காலி ஒன்றின் முன்னால் நின்று, குனிந்து, கழுத்தை முறுக்கிக் காட்டினாள். அவர் தன் செல்போனில் அதைப் படம் பிடித்து அவளிடம் நீட்டினார். மெரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேற்றுக்குள் மீனைத் தேடும் கொக்கு மாதிரி இருந்தாள்.

"பல் டாக்டருங்க வரிசையா எங்கிட்ட வராங்கம்மா. கழுத்து, தோளு, இடுப்பு. ஆனா இந்த அளவுக்கு யாரும் பண்ணிக்கல. நோயாளியப் படுக்க வெச்சி, தலைமாட்டுல நிமிர்ந்து ஒக்காந்து, கண்ணாடியில பாத்துச் செய்யச் சொல்லி காலேஜ்ல சொல்லித்தரல?"

"தந்தாங்க சார்."

"அப்புறம்?"

மெரின் தலைகுனிந்தாள். அதற்கும் கழுத்து வலித்தது.

"ஆறு வாரம் மெஷினத் தொடாதீங்க. பயிற்சிக்கு வாங்க. கேக்காம குனிஞ்சிக்கிட்டே இருந்தீங்கன்னா நரம்பு செத்துடும். செத்த நரம்ப நான் எழுப்ப முடியாது. அப்புறம் அந்தக் கையால சோறு சாப்பிடலாம், பல்லு பாக்க முடியாது."

ஆறு வாரம்! அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாளே கிளினிக் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். இது ஒரு மாதத்துக்கு முந்தைய கதை.

அந்தப் பெண்ணின் வாய்க்குள் விரல் மரத்துப்போனதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. மகள் கவிநிலாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். விரல்களுக்கிடையே முடி இருக்கிறதா நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை.

"அம்மா, இந்தப் பக்கம் ஜடையா இருக்கு. அந்தப் பக்கம் துடைப்பம் மாதிரி இருக்கு. பாதி ஸ்கூல் சிரிக்கப் போகுது!"

மகள் சிரித்துக்கொண்டே ஓடினாள். மின்துறையில் வேலை பார்க்கும் கணவன் ஜோசப் ஆனந்த் சட்டைப் பொத்தானைப் போட்டபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் வந்து மனைவியின் வலது கையைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் திரும்பு."

"எதுக்குங்க?"

"திரும்பு மெரின்."

திரும்பினாள். சற்று நேரம் கழித்து, "இப்ப நான் என்ன பண்றேன்?" என்று கேட்டான்.

"கையப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க."

"பாரு."

திரும்பிப் பார்த்தாள். அவன் நகம் அவள் கட்டைவிரல் நுனியில் ஆழமாக அழுந்தி, சதை வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஜோசப்பின் கண்கள் கலங்கிவிட்டன.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல."

"சொன்னா கிளினிக்க மூடச் சொல்லுவீங்க."

"ஆமா, சொல்றேன். மூடு. இந்தக் கையோட ஒருத்தர் வாய்க்குள்ள மெஷின விடுவியா? ஏதாவது ஆச்சின்னா?"

"மூடிட்டு? அப்புறம் நான் யாருங்க?"

"என் பொண்டாட்டி. அவளுக்கு அம்மா. அது பத்தாதா?"

"பத்தாது!"

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதன் கனம் அவளுக்கு உறைத்தது. ஜோசப் அவள் கையை மெதுவாக விட்டான். சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பின்னாலேயே ஓடிப்போய்க் காலில் விழுந்து அழுதிருக்கலாம். ஆனால் மணி ஆகிவிட்டது. கன்னம் வீங்கிய ஒருவரை அன்று காலை வரச் சொல்லியிருந்தாள். இவர் ஒருவர்தான், இவரை முடித்துவிட்டு மூடிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனையோ நாளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருவர் புருஷோத்தமன். ஊரில் நிலமும், டவுனில் ஒரு உரக்கடையில் வேலையும் உள்ள ஆஜானுபாகுவான மனிதர். வலது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. கூட வந்த மனைவி பார்வதி அவரை முந்திக்கொண்டு பேசினாள்.

"மூணு நாளாத் தூங்கல, எங்களையும் தூங்க வுடல. வயல்ல பாம்ப வெறுங்கையில புடிப்பாரு, பல்லு டாக்டருன்னா மட்டும் பயம்."

"நீ வெளிய ஒக்காரு," என்றார் அவர், பாதி வாயால்.

மேல் வரிசை, வலது கடைவாய். உள்ளே சீழ். பல்லைத் துளைத்து அதை வெளியேற்றியே ஆக வேண்டும். மெரின் மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டாள். நிமிர்ந்திருந்த நாற்காலி முன் குனிந்தாள். கழுத்தை முறுக்கினாள். மெஷின் கீச்சிட்டது.

சீழ் வெளியேறியதும் புருஷோத்தமனின் இறுகிய கைகள் தளர்ந்தன. துளையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். மெரின் இன்னும் தாழ்வாகக் குனிந்தாள். கழுத்தில் நெருப்புக் கம்பி இறங்கியது. கட்டைவிரல் போயிற்று. இன்னும் ஒரு நொடிதானே என்று அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

அந்த ஒரு நொடியில் மெஷின் நழுவியது.

"ஆஆ!"

அவர் உடம்பு தூக்கிப் போட்டது. மருந்து எட்டாத உள்கன்னத்தில் கீறி, குபுக்கென்று ரத்தம் வந்தது. அமுதவல்லி உறிஞ்சு குழாயோடு பாய்ந்தாள். மெரின் இடது கையால் பஞ்சுத் துணியை வைத்து அழுத்தினாள். கதவைத் தள்ளிக்கொண்டு பார்வதி உள்ளே வந்தாள்.

"இன்னா பண்ணீங்க அவர?"

ரத்தம் நிற்குமா? காயம் எவ்வளவு ஆழம்? கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் நாக்கு! மெரின் துணியை விலக்கிப் பார்த்தாள். நீளமான கீறல், ஆழமில்லை. தையல் தேவைப்படாது. மறுபடி அழுத்தினாள்.

"அண்ணன் கொஞ்சம் அசைஞ்சிட்டாருங்க, அதான்," என்று அமுதவல்லி ஆரம்பித்தாள்.

நல்ல பொய். நம்பியிருப்பார்கள். புருஷோத்தமனே நம்பியிருப்பார். மெரின் ஒரு கணம் அந்தப் பொய்யின் நிழலில் நின்றாள். காலையில் தன் விரலைப் பார்த்துக் கலங்கிய ஜோசப்பின் கண்கள் நினைவுக்கு வந்தன.

"இல்ல அமுதாக்கா. அவர் அசையல. என் கைதான் நழுவிடுச்சி."

"கை நழுவிச்சா?" பார்வதி இடுப்பில் கைவைத்தாள். "எனக்குக் கை நழுவுனா கொழம்பு கொட்டும். உங்களுக்கு நழுவலாமா?"

"நழுவக் கூடாதும்மா. தப்புதான். கழுத்து நரம்பு அமுங்கி விரல் மரத்துப்போகுது. இத்தன வருஷமாக் குனிஞ்சி குனிஞ்சி வந்தது."

"எதுக்குக் குனியணும்?"

"அவர் ஒக்காந்திருந்தா, மேல்பல்லு குனிஞ்சாத்தான் தெரியும்."

புருஷோத்தமன் துணியைத் தானே கன்னத்தில் பிடித்துக்கொண்டு குழறினார். "அப்ப... படுக்க வெக்கிறதுதான? கடலூர்ல ஒரு டாக்டரு மல்லாக்கப் படுக்க வெச்சித்தான் பல்லப் புடுங்குனாரு. பாதியில தூங்கியே பூட்டேன். இங்க இன்னாடா ஒக்கார வெச்சே நோண்டறாங்களேன்னு அப்பவே நெனச்சேன்."

"இந்த நாற்காலி சாஞ்சா... தல வடக்கால போகும்ணா."

பார்வதி சுவர்களை மாறி மாறிப் பார்த்தாள். வாசலைப் பார்த்துக் கையை நீட்டித் திசை கணக்குப் போட்டாள். "ஆமா, வடக்குதான்." புருஷனைப் பார்த்தாள். அவரும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார்.

"இன்னாய்யா முழிக்கிற? ராத்திரிக்கு இங்கியே பாய் போட்டுத் தூங்கப் போறியா? பல்லத்தான பாக்கப் போறாங்க!" என்றாள். பிறகு மெரின் பக்கம் திரும்பினாள். "இதுக்காவா குனிஞ்சீங்க? யாருன்னா படுக்க மாட்டேன்னாங்களா?"

"ஒருத்தர் சொன்னார்."

"எத்தினி பேரு?"

"ஒருத்தர்தான்."

"மத்தவங்களக் கேட்டீங்களா?"

ஆயிரக்கணக்கான வாய்கள் மெரினின் கண்முன் திறந்து மூடின. அவர்களில் எத்தனை பேர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சாய்ந்திருப்பார்கள்! மூலையில் அமுதவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். "நாந்தான் தினமும் நிமுத்தி வெச்சேன். நானே ஒரு நாளாவது கேட்டிருக்கலாம், பாவி."

"அழுவறத அப்புறம் வெச்சிக்கலாம்," என்றாள் பார்வதி. "திறந்த பல்ல இப்படியே வுட்டுட்டா?"

விட முடியாது. உள்ளே மருந்து வைத்து மூட வேண்டும். மெரின் பொத்தானை அழுத்தினாள். சாய்ந்து பழகாத நாற்காலி முனகிக்கொண்டே படுத்தது. தலைமாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெஷினை அவள் தொடவில்லை. இடது கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து வாய்க்குள் காட்டினாள்.

அந்தப் பல் முழுசாகத் தெரிந்தது. துளையும், அதன் அடியும், ஓரத்தில் சிறு விரிசலும், எல்லாமே நேராக, அருகில். கழுத்தை ஒரு அங்குலம்கூட வளைக்கவில்லை. முகமூடிக்குள் கண்ணீர் வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது. கையுறை போட்ட கையால் துடைக்க முடியாது.

வலது கையில் இடுக்கியை எடுத்தாள். விரல் குறுகுறுத்தது, ஊசி ஊசியாகக் குத்தியது. குத்தட்டும், குத்தினால் உயிர் இருக்கிறது என்று பொருள்! இடுக்கி முனையில் மருந்துப் பஞ்சு. அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்கினாள். ஒரு முறை நடுங்கியது. அமுதவல்லி சத்தமில்லாமல் அவள் முழங்கையின் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். பஞ்சு உட்கார்ந்தது. மேலே தற்காலிக சிமெண்டை வைத்து மூடியபோது மெரினின் முதுகு முழுக்க வியர்வை.

மிச்ச வேலைக்கு வேறொரு டாக்டரின் பெயரையும் நம்பரையும் கொடுத்தாள். பார்வதி வாங்கிப் பைக்குள் போட்டாள். "கன்னம் ஆறலன்னா வருவேன். சும்மா வுட மாட்டேன்," என்றாள் வாசலில் நின்று. அதில் விளையாட்டு எதுவும் இல்லை.

மெரின் கணவனுக்குப் போன் செய்தாள். "ஒருத்தருக்குக் கன்னம் கிழிஞ்சிடுச்சிங்க. என்னாலதான்," என்றாள். கொஞ்ச நேரத்தில் ஜோசப் வந்து நின்றான். ஷட்டரை அவனே இழுத்துப் பூட்டினான். காலையில் அவன் விட்டுவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை மெரின் வண்டியில் ஏறியதும் நினைத்துக்கொண்டு, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். சிக்னலில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள்.

அந்த ஆறு வாரங்கள் எளிதாகப் போகவில்லை. கழுத்துக்குப் பட்டி, சுவரில் முதுகை ஒட்டி நின்று செய்யும் பயிற்சி, கை வேலை எதுவுமில்லாத மத்தியானங்கள். புருஷோத்தமனின் கன்னம் ஆறிவிட்டதா என்று அமுதவல்லி அடிக்கடி போன் போட்டுக் கேட்டுச் சொல்வாள். ஆறியது. ஆனால் உரக்கடை வட்டாரத்தில் 'சாரத்து டாக்டரம்மாவுக்குக் கை போயிடுச்சி' என்ற பேச்சு பரவியது. அதை மெரினால் மறுக்க முடியவில்லை. கட்டைவிரலில் உணர்வு திரும்பியது. ஆள்காட்டி விரல் நுனியில் பாதிதான் வந்தது.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்," என்றார் இளஞ்செழியன். "மறுபடி குனிஞ்சீங்கன்னா, கத்தியோடதான் பேசுவேன்."

மெரின் கிளினிக்கைத் திறந்தாள். நாற்காலியைத் திருப்பக் கொத்தனாரிடம் சொல்லியிருந்தாள், அவர் வரச் சில மாதம் ஆகும். அதுவரை, வருகிறவர்களிடம் முதலிலேயே சொன்னாள். "படுத்தாத்தான் பாப்பேன். தல வடக்கால வரும். பரவால்லையா?" பெரும்பாலானவர்கள் கேள்வி முடியும் முன்பே படுத்துவிட்டார்கள். ஒரு இளைஞன் செல்போனில் திசை பார்த்து, "வடகிழக்கு டாக்டர், கொஞ்சம் சேஃப்," என்று சிரித்தான்.

ஒரு நாள் செல்வாம்பாள் வந்தார். கிளினிக்குக்கு ஆரம்ப காலத்திலிருந்தே வருகிறவர். மகன்கள், மருமகள்கள், பக்கத்து வீட்டார் என்று ஒரு தெருவையே மெரினிடம் கூட்டிவந்தவர். மேல்பல்லில் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மெரின் விஷயத்தைச் சொன்னாள்.

"வடக்க தல வெச்சா? மாட்டேம்மா," என்றார் செல்வாம்பாள். "எங்க வூட்டுக்காரரு போன வருசம் போய்ச் சேந்துட்டாரு, இனிமே இவளுக்கு உசுரு மேல ஆச இல்லன்னு நெனக்காத. நான் படுக்க மாட்டேன்."

"சரிங்கம்மா. வலிக்கு மாத்திரை எழுதித் தரேன். வேற டாக்டர்கிட்ட நானே பேசறேன். நாற்காலிய திருப்புனதும் உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன்."

"இத்தன வருசம் ஒக்கார வெச்சிதான பாத்த? இப்ப மட்டும் இன்னா வந்துச்சி?"

"என் கழுத்து போயிடுச்சிம்மா. குனிஞ்சா கை மரத்துப்போகும். மரத்துப்போன கையால உங்க வாயில கத்தி வெக்க மாட்டேன்."

செல்வாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பேரு வந்துட்டா குனிய வலிக்கத்தான் செய்யும்," என்றார்.

மெரினுக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாவுக்காகவா எத்தனை சாயங்காலம் முதுகை ஒடித்துக்கொண்டோம்! ஒரு தெருவே கையைவிட்டுப் போகிறது.

செல்வாம்பாள் எழுந்து வெளியே போனார். வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினார். ஒரு செருப்பு. பிறகு சேலையைச் சரி செய்தார். பையைத் தோள் மாற்றினார். இன்னொரு செருப்பைக் காலால் தேடினார். கூப்பிடுவதற்காகத்தான் அவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று மெரினுக்கு நன்றாகத் தெரிந்தது. அமுதவல்லி கதவருகே நின்று அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, கூப்புடவா?"

மெரின் தலைமாட்டு முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். கட்டைவிரல் மறு கையின் சூட்டை உணர்ந்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கேட் கிரீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

"அடுத்தவங்கள வரச் சொல்லுங்க அமுதாக்கா," என்றாள். குரல் உடைந்துதான் வந்தது. முதுகு மட்டும் நேராக இருந்தது.